அத்திவாரம் வெட்டும் முன் குளிரையும் கணக்கில் எடுங்கள்

இலங்கை மலையகத்தில் வீடு கட்டித் தருகிற எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சுக்கும், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கும், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும், பிளான் கீறுகிற பொறியியலாளர்களுக்கும், எங்கள் ஓட்டு வாங்கி சபைகளுக்குப் போன உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் வயரிங் வேலை செய்கிறவன். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய லயங்களிலும் கூரை ஏறியிருக்கிறேன், புதிதாகக் கட்டித் தந்த வீடுகளிலும் ஏறியிருக்கிறேன். அந்தக் கூரைகளுக்கு அடியில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் இனிக் கட்டப்போகும் ஒவ்வொரு வீட்டிலும் குளிர், ஈரம், எரிபொருள் செலவு மூன்றையும் பிளான் போடும்போதே பாருங்கள். கூரைக்கு அடியில் சூட்டைப் பிடித்து வைக்கிற ஏற்பாடு, புகைபோக்கியோடு ஒரு நல்ல விறகடுப்பு, மழை அடிக்காத சுவர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர். இவை கட்டும்போதே உள்ளே போக வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் குடும்பம் அதற்கான விலையை லைட் பில்லாகவும் கேஸாகவும் விறகாகவும் பிள்ளையின் மருந்துச் செலவாகவும் மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்கும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளின் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகளைச் சரித்துவிட்டுப் போனது. வீடு இழந்தவர்களுக்குப் புதிய இடத்தில் வீடு கட்டியாக வேண்டும். அதற்கு முன் 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சனம் புதைந்தபோதும் இப்படித்தான் புதிய வீடுகள் வந்தன. தனி வீடு, சொந்த நிலம் என்பது எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது. கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன். 10க்கு 12 அடி லய அறையிலிருந்து, அதாவது காம்பராவிலிருந்து, 550 சதுர அடி வீட்டுக்குப் போன குடும்பத்தின் முகத்தைப் பார்த்தவன் நான். அந்த சந்தோஷத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அடுத்து கட்டுவதை இன்னும் சரியாகக் கட்டலாம், அதற்கு இதுதான் நேரம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது என்று கொழும்பில் பிளான் கீறுகிறவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் வருடம் முழுவதற்குமான சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான். தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கிற இரவுகளில் அது பத்துக்குக் கீழே போகும், சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். இந்தக் குளிரில் ஒரு வீட்டின் கூரை வெறும் ஷீட்டாக இருந்தால் என்ன ஆகும்? அடுப்பின் சூடு, ஆட்களின் உடம்புச் சூடு, பகலில் வெயில் தந்த சூடு எல்லாமே மேலே எழும்பி அந்த ஷீட்டைத் தொடும். ஷீட் அதை வாங்கி வெளியே விட்டுவிடும். தகரம் இன்னும் மோசம். தெளிந்த வானத்துக்குச் சூட்டை விட்டு விட்டு, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அப்புறம் சமையல் ஆவியும் மூச்சுக் காற்றின் ஈரமும் அந்தக் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகி, விடியற்காலையில் கம்பளி மேல் சொட்டும். மழை பெய்யாத இரவில் கூரை ஒழுகுகிறது என்று என்னிடம் முறையிட்ட வீடுகள் இருக்கின்றன. போய்ப் பார்த்தால் ஓட்டை ஒன்றும் இருக்காது.

இந்தச் சொட்டுத் தண்ணீர் வயருக்கும் ஆகாது. சீலிங் இல்லாத வீட்டில் கூரைச் சட்டத்தோடு வயர் ஓடும், அதன் இணைப்புப் பெட்டிகளில் ஈரம் இறங்கும், பிறகு மின்கசிவு.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அலுமினியப் பூச்சுள்ள விரிப்பு ஒன்று கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. அதைக் கூரைச் சட்டத்தின் மேல் விரித்து, இணைப்புகளை ஒட்டி, அதற்கு மேல் கொஞ்சம் காற்று இடைவெளி விட்டு ஷீட் அடிக்க வேண்டும். பளபளக்கும் பக்கம் அந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பலன்கூட வராது. அதற்குக் கீழே ஒரு சாதாரண சீலிங். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் அடங்கி நிற்கிற காற்றே பெரிய தடுப்பு. ஷீட்டில் நீர் கோத்தாலும் விரிப்பின் மேல் வழிந்து பீலிக்குப் போய்விடும். பதுளை மாதிரி தாழ்ந்த இடங்களில் பகல் வெக்கைதான் தொல்லை. அங்கே இதே ஏற்பாடு வெயிலின் சூட்டைக் கீழே வரவிடாமல் தடுத்து ஃபேன் செலவைக் குறைக்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த விரிப்பை ஷீட் அடிப்பதற்கு முன்புதான் போட முடியும். அடித்த பிறகு போட வேண்டுமானால் கூரை முழுவதையும் கழற்ற வேண்டும், ஆணி அடித்த ஓட்டைகள் ஒழுகும், கூலி இரண்டு மடங்கு. கட்டும்போது ஒரு நாள் வேலையாக முடிவதை, பின்னால் ஒரு தொழிலாளிக் குடும்பம் தனியாகச் செய்யவே முடியாது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதில் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, கடன் எல்லாம் போய் சீலிங்குக்கு என்ன மிஞ்சும்? "அவர்கள் பிறகு மெதுவாகப் போட்டுக்கொள்வார்கள்" என்று ஒரு கூட்டத்தில் சொல்லக் கேட்டேன். போடவில்லை. போட்டவர்கள் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள்.

மலைநாட்டுக் குளிருக்கு வீடு கட்டத் தெரியாத ஊர் இல்லை இது. அதே தோட்டத்தில் முகாமையாளர் இருக்கிற துரை பங்களாவைப் போய்ப் பாருங்கள். பலகை சீலிங், கணப்பு, புகைபோக்கி, வெயில் விழுகிற பக்கமாகக் கண்ணாடி ஜன்னல். நூறு வருடத்துக்கு முன் கட்டினவர்களுக்கு இந்தக் குளிர் நன்றாகத் தெரிந்திருந்தது. இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போங்கள். கொழுந்து வாட்டுகிற இடத்தில் எவ்வளவு சூடான காற்று, எவ்வளவு ஈரப்பதம் என்று வெப்பமானி வைத்துப் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள். கொழுந்துக்கு அது தேவை, சரி. அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவள் படுக்கிற அறையில் இரவு எத்தனை பாகை என்று யாரும் அளந்ததாக எனக்குத் தெரியவில்லை. அளக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அடுத்தது செலவுக் கணக்கு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். பிறகு இறங்கியது, ஏறியது, இறங்கியது. கட்டணம் எப்படி ஆடினாலும் ஒரு விஷயம் மாறவில்லை. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கணக்கு, அதைத் தாண்டுகிற வீட்டுக்கு வேறு கணக்கு. தாண்டிவிட்டால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. அதனால் எங்கள் வீடுகளுக்கு 60 என்கிற எண்தான் எல்லை. ஐந்து பத்து யூனிட் மிச்சம் பிடிப்பதில் முழு பில்லும் தங்கியிருக்கிறது.

குளிர் எப்படி அந்த எல்லையைத் தாண்ட வைக்கிறது என்று பாருங்கள். ஒரு வாளி, அதாவது 20 லீற்றர் தண்ணீர். குழாயில் 16 பாகையில் வருகிறது. குளிக்கிற அளவுக்கு, 40 பாகைக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளைக்கு 2.8 யூனிட், மாதம் 84. பல்பு ஒன்றும் எரியாமல், டிவி போடாமல், வெந்நீரிலேயே எல்லை தாண்டிவிடும். கொழும்பில் இருக்கிற குடும்பத்துக்கு இந்தச் செலவே இல்லை. அவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போகலாம். ஒரே கட்டணம்தான், ஆனால் எங்கள் மலையில் உயிர் வாழ்வதற்கே கூடுதல் யூனிட் தேவைப்படுகிறது. இதைக் கட்டணம் தீர்மானிக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குச் சிக்கன வகுப்பு எடுத்தால் போதும் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து ஒரு மாலை நேரம் லயத்துக்கு வந்து பாருங்கள். எங்கள் பெண்கள் ஒரு தடவை கொதித்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி நாள் முழுவதும் வைத்துத் தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். பள்ளிக்கூட உடுப்பையெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் அயன் பண்ணுகிறார்கள். ஆள் இல்லாத அறையில் லைட் எரிந்தால் பிள்ளைக்கு ஏச்சு விழும். குண்டு பல்பை மாற்றச் சொன்னால் உடனே மாற்றுகிறார்கள். 60 வாட் பல்பு மூன்று தினமும் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 27 யூனிட், அதே இடத்தில் 9 வாட் எல்.ஈ.டி. மூன்று போட்டால் 4 யூனிட் என்று நானே மீட்டரைக் காட்டி விளக்கியிருக்கிறேன். டிஷ் பெட்டியை ரிமோட்டில் மட்டும் நிறுத்தாமல் சுவிட்சிலேயே நிறுத்துங்கள், அது 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால்கூட மாதம் 7 யூனிட் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். குடும்பம் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. மிச்சம் இருக்கிற நட்டம் முழுவதும் கூரையிலும் சுவரிலும் அடுப்பிலும் இருக்கிறது. அதைக் குடும்பத்தால் திருத்த முடியாது, உங்களால் முடியும்.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய வீடுகளில் பெரிய தவறு நடப்பது இங்கேதான்.

புதிய வீட்டின் குசினி கேஸ் அடுப்புக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ஒரு மேடை, ஒரு சின்ன ஜன்னல். 2022இல் கேஸ் விலை என்ன ஆனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய்க்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அப்போது விறகுக்குத் திரும்பிய வீடுகளில் பல இன்னும் விறகில்தான் இருக்கின்றன. தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால், வெட்டிய கிளைகளான மிலாறு கிடைக்கும். வேலை முடிந்து வருகிற பெண் அதைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலை இறங்குவாள். அந்த விறகை எரிக்கப் புதிய வீட்டில் இடமில்லை. அதனால் வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, பழைய தகரம் போட்டு ஒரு கொட்டகை போடுகிறார்கள். சமையல் அங்கே நடக்கிறது. அடுப்பின் சூடு முழுவதும் காற்றோடு போகிறது. உள்ளே 550 சதுர அடி வீடு குளிர்ந்து கிடக்கிறது. பழைய காம்பராவில் புகை இருந்தது, இருட்டு இருந்தது, ஆனால் அடுப்பு பக்கத்திலேயே இருந்ததால் சுவர் சூடாக இருந்தது. "லயம் இதைவிடக் கணகணப்பா இருந்திச்சு தம்பி" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. புதிய வீட்டுக்குப் போன ஒருவர் லயத்தை நினைத்து ஏங்குகிற நிலை வரக்கூடாது.

ஆகவே குசினியை வெளியே தள்ளாதீர்கள். அடுப்புச் சுவரைப் படுக்கையறையோடு ஒட்டிய சுவராக வையுங்கள். கல்லோ செங்கல்லோ வைத்துக் கட்டிய கனமான சுவராக இருந்தால் மாலையில் எரித்த சூட்டை அது நடு இரவு வரை கொஞ்சம் கொஞ்சமாக விடும். அடுப்புக்கு மேல் கூரை முகட்டைத் தாண்டி உயர்கிற புகைபோக்கி கட்டாயம். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்தைத் தொடாமலே போகிறது. 1980களிலேயே இலங்கையில் உருவாக்கிப் பரப்பிய 'அனகி' மண் அடுப்பு இருக்கிறது. ஒரே தீயில் இரண்டு பாத்திரம் வைக்கலாம், திறந்த அடுப்பைவிட விறகு நன்றாகக் குறையும். அதை மண்ணும் செங்கல்லும் கொண்டு சுற்றிலும் கட்டி, புகைபோக்கியோடு சேர்த்து, வீடு கையளிக்கும்போதே தயாராக வைத்துக் கொடுங்கள். இந்த அடுப்புச் செய்கிற குயவர்கள் நாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

சமையலில் எங்களுக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியா உயரத்தில் 94 பாகை அளவில் கொதிக்கிறது. அதனால் பருப்பும் கடலையும் வேக அதிக நேரம் பிடிக்கிறது, எரிபொருளும் அதற்கேற்ப. பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினை முடிந்தது. கடலையை இரவே ஊறப்போடுவதும், கொதித்த சோற்றுப் பானையைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்து மிச்ச வேக்காட்டை அதன் சூட்டிலேயே முடிப்பதும் எங்கள் பாட்டிமார் செய்ததுதான். வீடு கையளிக்கும் விழாவில் பொன்னாடைக்கும் மேளத்துக்கும் செலவு செய்கிறவர்கள், அந்தக் காசில் வீட்டுக்கு ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தால் அது வருடக் கணக்கில் உழைக்கும்.

குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் அடைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. இதை எங்கள் சனத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இடுக்குகளை அடைக்கிற வீட்டில் புகைபோக்கியும், குசினியில் மூடாத ஒரு காற்றுத் துவாரமும் இருந்தே ஆக வேண்டும். இதனால்தான் சீலிங், அடுப்பு, புகைபோக்கி மூன்றையும் ஒரே பிளானில் கேட்கிறேன். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றது கெடும்.

சுவரும் தாழ்வாரமும் பெரிய செலவில்லாத விஷயங்கள் என்று சொல்லலாம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசி முடிந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மழை நேராக விழாது, படுக்கையாக வந்து சுவரில் அடிக்கும். நாலு அங்குல சிமெந்துக் கல் சுவர் அதை உறிஞ்சும். ஈரச் சுவர் குளிர்ச் சுவர். அதில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைக்கு இழுப்பு வரும். தாழ்வாரத்தை இன்னும் ஓரிரு அடி நீட்டினால், மேற்குப் பக்கச் சுவரை நன்றாகப் பூசினால், வாசற்கதவை அந்தக் காற்று அடிக்கும் பக்கம் வைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஊவாப் பக்கம் பெருமழை வருவது ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து, அங்கே இதே பிளானைத் திருப்பிப் போட வேண்டும். ஒரே வரைபடத்தை மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் அப்படியே இறக்குவது சரியில்லை. காலை வெயில் எந்தப் பக்கம் முதலில் விழுகிறது என்று அந்த டிவிசனில் கொழுந்து எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களைக் கேட்டு ஜன்னலை வையுங்கள்.

இனி என் தொழில். ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பம் தொங்குகிற லயங்கள் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கு 45 யூனிட் எரிக்கிற இரண்டு குடும்பம் தனித்தனி மீட்டரில் இருந்தால் இரண்டும் 60க்குள் நிற்கும். ஒரே மீட்டரில் 90 ஆகி இரண்டு குடும்பமும் கூடிய விலை கட்டுகின்றன. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் தப்ப முடியாது. தனி மீட்டர் கேட்டுப் போனால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும் என்கிறார்கள், அந்தக் கடிதத்துக்கு மாதக்கணக்கில் நடக்கிறவர்களை நான் அறிவேன். ஒரு குடும்பத்துக்கு மின்சார இணைப்பு எடுக்கும் உரிமையை இன்னொருவர் கையெழுத்தில் கட்டிப்போடாதீர்கள். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் போதும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் பல வீடுகளின் பில் அடுத்த மாதமே குறையும்.

புதிய வீட்டில், மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்துகிற ட்ரிப் சுவிட்சும் சரியான எர்த்தும் கட்டாயம் என்று எழுதி, வேலை முடிந்ததும் ஒருவர் வந்து அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். லயத்தில் மின்கசிவால் தீப்பிடித்தது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. ஒரு காம்பராவில் பிடித்தால் கூரை ஒன்றாக இருப்பதால் வரிசை முழுவதும் போகிறது. பழைய லயத்தில் குளிருக்காக உர பேக்கைத் தைத்து சீலிங்காகக் கட்டியிருக்கிறார்கள், சுவரில் பத்திரிகைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு நடுவே பழைய வயர். குளிரிலிருந்து தப்ப எடுத்த வழி தீக்கு வழி விடுகிறது. புதிய வீடு கிடைக்க இன்னும் வருடங்கள் ஆகும் என்றால், அதுவரை அந்த லயங்களுக்குத் தீப்பிடிக்காத சீலிங் பலகையும் வயரிங் பரிசோதனையும் செய்து கொடுங்கள். ஷீட் பழைய அஸ்பெஸ்டஸ் என்றால் அதில் துளை போடவோ உடைக்கவோ விடாமல், கீழே தனிச் சட்டம் அடித்து சீலிங் போட வேண்டும், ஏனென்றால் அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பிள்ளைக்காம்பராவிலிருந்து இந்த வேலையைத் தொடங்கினால் நல்லது. பகல் முழுவதும் கைக்குழந்தைகள் படுத்திருக்கிற இடம் அது.

சூரிய சக்தி பற்றியும் கேட்பீர்கள். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்தில் கூரைமேல் பனல் போட்டு மின்சபைக்கே யூனிட் கொடுத்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். எங்களில் அநேகம் பேருக்கு அது எட்டவில்லை. காணி உறுதி இல்லாமல் எந்த வங்கி கடன் தரும்? அதைவிட 50 யூனிட் எரிக்கிற வீட்டுக்குப் பனலால் வரும் லாபம் குறைவு. எங்களுக்கு முதலில் வேண்டியது வெந்நீர். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கறுப்புத் தாங்கி ஒன்றைக் கூரையில் வெயில் படும்படி வைத்தால்கூடப் போதும். பகல் வெயிலில் தண்ணீர் 16 பாகையிலிருந்து 28 பாகைக்கு வந்தாலே, 40க்கு ஏற்ற வேண்டிய வேலையில் சரிபாதி முடிந்துவிட்டது. விறகிலும் பாதி மிச்சம், யூனிட்டிலும் பாதி மிச்சம். மழை மாதங்களில் அவ்வளவு கிடைக்காது என்பது உண்மை. வெயில் காலத்தில் கிடைப்பதே பெரிசு. ஆனால் 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ எடை. ஷீட் கூரை அதைத் தாங்காது. கட்டும்போதே சுவரின் மேல் ஒரு கொங்கிறீட் தட்டும், குளியலறைக்கு ஒரு தனிக் குழாயும் விட்டுவைத்தால் பிறகு குடும்பமே தாங்கி வாங்கி வைத்துக்கொள்ளும்.

பணம் எங்கே என்பீர்கள். ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய தொகைக்குள் நிற்க வேண்டிய கஷ்டம் எனக்குப் புரிகிறது. நான் கேட்டதில் ஜன்னலும் வாசலும் அடுப்புச் சுவரும் பென்சிலால் மாற்றக்கூடியவை. விரிப்பும் சீலிங்கும் புகைபோக்கியும் செலவுதான். அந்தச் செலவுக்கு இடம் வேண்டுமானால் முகப்பில் செய்கிற அலங்கார வேலையைக் குறையுங்கள், டைல்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டைல்ஸ் இல்லாத வீட்டில் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. சட்டமாக்க முடியுமா என்றும் கேட்கலாம். மலை மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை தேவை என்ற நடைமுறை வந்துவிட்டது. உயிர்ச்சேதம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்த நிறுவனமும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் சேர்ந்து உட்கார்ந்தால், 1,000 மீற்றருக்கு மேல் கட்டுகிற வீட்டுக்கு இன்ன கூரை, இன்ன தாழ்வாரம், இன்ன அடுப்பு என்று இரண்டு பக்கத்தில் ஒரு விதி எழுதிவிடலாம். அதை மூன்று மொழியிலும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுங்கள், தமிழில் எங்கள் கையிலும் ஒன்று கொடுங்கள். எங்கள் வீட்டில் என்ன போட வேண்டும் என்று தெரிந்தால் நாங்களே நின்று பார்த்துக்கொள்வோம்.

நாட்டின் மின்சாரத்தில் எங்கள் மலைகளுக்குப் பங்கு உண்டு. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இந்த மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். 1950இல் லக்ஷபான ஓடத் தொடங்கியது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். 2012இல் மேல் கொத்மலை 150 மெகாவாட்டோடு வந்தபோது தலவாக்கலையில் குடும்பங்கள் இடம் மாறின. இவ்வளவும் நடந்த ஊரில் லயத்துக்குக் கம்பி வர நெடுங்காலம் ஆனது. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து ஊர் ஊராகக் கூடினோம். அந்த மேடைகளில் வீட்டுரிமை பற்றிப் பேசாதவர் இல்லை. அந்த உரிமைக்குள் சூடான ஒரு அறையும் கட்டக்கூடிய ஒரு லைட் பில்லும் அடங்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்து எந்தத் தோட்டத்தில் வீடு கட்டத் தொடங்கினாலும், ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இப்போதைய பிளானில் கட்டுங்கள். மற்றதில் நான் சொன்ன விரிப்பு, சீலிங், அடுப்பு, புகைபோக்கி, நீண்ட தாழ்வாரம் எல்லாம் வையுங்கள். இரண்டிலும் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, ஒரு வருடம் விடியற்காலை வெப்பநிலையையும் மாத யூனிட்டையும் விறகுக் கட்டையும் குறித்து வைப்போம். குறித்து வைக்க அந்தத் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் போதும், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பார்த்துக்கொண்டால் சரி. சாதாரண பிளானில் கட்டிய வீட்டுக்காரருக்கு வருட முடிவில் அதே வசதிகளைச் செய்து கொடுப்பதாக முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் நட்டப்படக்கூடாது. அந்த இரண்டு வீட்டுக்கும் வயரிங் வேலையைக் கூலி வாங்காமல் நான் செய்து தருகிறேன். சாமான் மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். எந்தத் தோட்டம், எப்போது தொடங்குவது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்து வயரிங் தொழிலாளி ஒருவன்